குறைமாதக் குழந்தைக்குப் பார்வை போனால் யார் பொறுப்பு? நீதிமன்றம் எப்படி முடிவு செய்கிறது?

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குப் பார்வை இல்லை என்று சில மாதங்கள் கழித்துத் தெரிகிறது. பெற்றோர் போய்க் கேட்டால், "குறைமாசத்துல பிறந்ததுதான் காரணம், நாங்க என்ன பண்ண முடியும்?" என்று பதில் வருகிறது. அது உண்மையாகவும் இருக்கலாம், தட்டிக்கழிப்பதாகவும் இருக்கலாம். நீதிமன்றம் இதை எப்படிப் பிரித்துப் பார்க்கிறது? இரண்டு வழக்குகளை வைத்துப் பார்க்கலாம்.

எதை நிரூபிக்கணும்?

மருத்துவர் தவறு செய்தார் என்று காட்டினால் மட்டும் இழப்பீடு கிடைத்துவிடாது. அந்தத் தவறால்தான் பாதிப்பு வந்தது என்றும் காட்ட வேண்டும். கிரிமினல் வழக்கு மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை. தவறுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். ஆனால் குறைமாதக் குழந்தைக்கு நுரையீரல், மூளை, கண் என எதுவுமே முழுசாக வளர்ந்திருக்காது. அதனால் பாதிப்புக்குப் பல காரணங்கள் இருக்கலாம்.

ஆர்ஓபி என்றால் என்ன?

'ரெட்டினோபதி ஆஃப் பிரிமெச்சூரிட்டி' என்பதன் சுருக்கம்தான் ஆர்ஓபி. குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளரும். முற்றினால் விழித்திரையே பிரிந்து பார்வை போய்விடும். அளவுக்கு மீறிய ஆக்சிஜனும் இதற்கு ஒரு காரணம். சரியான நேரத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் லேசர் சிகிச்சையில் பார்வையைக் காப்பாற்றலாம்.

இங்கிலாந்து வழக்கு

1978ல் எசெக்ஸ் பகுதியில் மிகவும் குறைமாதத்தில் ஒரு குழந்தை பிறந்தது. ஆக்சிஜன் அளவைக் கண்காணிக்கும் குழாயைத் தமனிக்குப் பதில் சிரையில் செருகிவிட்டார்கள். இதனால் அளவு தவறாகக் காட்ட, குழந்தைக்கு அதிக ஆக்சிஜன் போனது. பின்னர் ஆர்ஓபி வந்து பார்வை பாதித்தது.

தவறு நடந்தது தெளிவு. ஆனாலும் 1988ல் பிரபுக்கள் சபை, இந்த நோய்க்கு ஐந்து காரணங்கள் இருக்கலாம், அதிக ஆக்சிஜன் அதில் ஒன்றுதான் என்றது. அதுதான் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை எனக் கூறி, மறு விசாரணைக்கு உத்தரவிட்டது.

சென்னை வழக்கு

1996 ஆகஸ்ட் மாதம் சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில், கர்ப்பத்தின் 29வது வாரத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். சுமார் 25 நாட்கள் இன்குபேட்டரில் இருந்தது, ஆக்சிஜனும் கொடுக்கப்பட்டது. டிஸ்சார்ஜ் சீட்டில் தாய்ப்பால் கொடுப்பது பற்றியும், எந்தக் கிழமை ஓபிக்கு வர வேண்டும் என்றும் இருந்தது. கண் பரிசோதனை பற்றி ஒரு வரிகூட இல்லை.

நாலரை மாதம் ஆனபோது வேறொரு மருத்துவருக்குச் சந்தேகம் வந்தது. அதற்குள் நோய் முற்றிவிட்டது. அமெரிக்கா வரை போய் சிகிச்சை செய்தும் பார்வை திரும்பவில்லை.

2009ல் தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் ரூபாய் வழங்கச் சொன்னது. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கேஹர், பாப்டே அமர்வு அதைச் சுமார் 1.8 கோடி ரூபாயாக உயர்த்தியது. தமிழக அரசும் மருத்துவர்களும் பங்கிட்டுத் தர உத்தரவானது.

எங்கே வித்தியாசம்?

இங்கிலாந்தில் கேட்கப்பட்ட கேள்வி, 'நோய் எதனால் வந்தது?' சென்னை வழக்கில் கேள்வி, 'வந்த நோயை ஏன் நேரத்தில் கண்டுபிடிக்கவில்லை?'

இந்த வழக்கில் எய்ம்ஸ் தந்த அறிக்கை முக்கியமானது. எந்தக் குழந்தையும் ஆர்ஓபியோடு பிறப்பதில்லை, பிறந்து 2 முதல் 4 வாரத்தில்தான் நோய் தொடங்குகிறது, அப்போது முதல் பரிசோதனை கட்டாயம் என்றது அது. அந்த நாட்களில் பெரும்பகுதி குழந்தை மருத்துவமனையிலேயேதான் இருந்தது.

அதாவது, நோய் எதனால் வந்தாலும் பரிசோதித்திருந்தால் தெரிந்திருக்கும். குறைமாதம் என்பதே பரிசோதிக்க வேண்டியதற்கான காரணம். அதையே பிறகு சாக்காகச் சொல்ல முடியாது.

பெற்றோர் கவனத்துக்கு

* மத்திய அரசின் வழிகாட்டுதல்படி, 34 வாரத்துக்கு முன் அல்லது 2 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் கண் பரிசோதனை அவசியம். 28 வாரத்துக்கு முன் பிறந்தால் 2-3 வாரத்திலேயே பார்க்கணும். குழந்தை பிறந்த ஊரில் வசதி இல்லை என்றால், எங்கே போகணும் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

* டிஸ்சார்ஜ் சீட்டில் கண் பரிசோதனைத் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

* மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. சந்தேகம் வந்தால் தள்ளிப் போடாமல் நகல் வாங்கிவிடுங்கள்.

* நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கப் பொதுவாக 2 ஆண்டுகள்தான் அவகாசம்.

சென்னை வழக்கில் குழந்தை பிறந்ததிலிருந்து இறுதித் தீர்ப்பு வர 19 ஆண்டுகள் ஆனது. கண் பரிசோதனைக்கு ஆகும் நேரம் சில நிமிடங்கள்.