எஃப்.ஐ.ஆர். போட்டால் வெளிநாடு போக முடியாதா?

"கேஸ் போட்டா பாஸ்போர்ட் கிடைக்காது, வெளிநாட்டு வேலை எல்லாம் போச்சு." போராட்டத்தில் உட்காரும் கல்லூரி மாணவர்களைக் கலைக்கக் காவல்துறை பயன்படுத்தும் வசனம் இது. வீட்டில் அப்பாவும் இதையே சொல்கிறார். விசா ஏஜென்ட் கூடவே ஒரு யோசனையும் தருவார்: "ஃபார்ம்ல 'இல்லை'ன்னு போட்டுடுங்க சார், யார் தோண்டிப் பார்க்கப் போறாங்க?" இவற்றில் எதுவும் சரியில்லை. ஏஜென்ட் சொல்வது ஆபத்தானதும்கூட.

முதலில் பாஸ்போர்ட். 1967-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2)(எஃப்) பிரிவு, குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கலாம் என்கிறது. நீதிமன்றத்தில் என்பதைக் கவனிக்க வேண்டும். காவல் நிலையத்தில் அல்ல. வெறும் எஃப்.ஐ.ஆரும் நடந்துகொண்டிருக்கும் விசாரணையும் இந்தப் பிரிவுக்குள் வராது, நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுத்திருக்க வேண்டும் என்று வெளியுறவு அமைச்சகமே 2019 அக்டோபரில் தெளிவுபடுத்திவிட்டது. குற்றப்பத்திரிகை தாக்கலாகி வழக்கு நடந்தாலும் கதவு மூடிவிடுவதில்லை. 1993 ஆகஸ்ட் 25 அறிவிக்கையின்படி, வழக்கு நடக்கும் நீதிமன்றத்தின் அனுமதியோடு குறுகிய காலப் பாஸ்போர்ட் வாங்கலாம். நீதிபதி காலம் குறிப்பிடாவிட்டால் ஓராண்டுக்குக் கிடைக்கும். சரிபார்க்க வரும் காவலர் இதையெல்லாம் பாராமல் 'வழக்கு உள்ளது' என்று எழுதி அனுப்புவதும், அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருப்பதும் உண்மைதான். ஆனால் அது அலைச்சல்; சட்டத் தடை அல்ல.

அடுத்து விசா. கனடாவை எடுத்துக்கொள்வோம், நம் பிள்ளைகள் அதிகம் கனவு காணும் நாடு என்பதால். அங்கே குடிவரவுச் சட்டத்தின் 36-ஆவது பிரிவு, இந்தியாவில் உங்களுக்கு எத்தனை மாதத் தண்டனை கிடைத்தது என்பதை வைத்து முடிவெடுப்பதில்லை. நீங்கள் செய்த அதே செயலைக் கனடாவில் செய்திருந்தால் அது எந்தக் குற்றம், அதற்கு அதிகபட்சத் தண்டனை என்ன என்றுதான் கேட்கிறது. போராட்ட வழக்குகளில் வழக்கமாகப் போட்டுவந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பழைய 143-ஐ, அதாவது சட்டவிரோதமாகக் கூடுதலைப் பாருங்கள். கனடாவில் அது சாதாரண வகைக் குற்றம். அப்படி ஒரே ஒரு தண்டனை, வேறு எதுவும் இல்லை என்றால், அதை மட்டும் வைத்து உங்களை இந்தப் பிரிவின்கீழ் தடுக்க முடியாது.

யாரும் பயப்படாத வழக்கு ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை இரவு, வாகனச் சோதனை, ஊதச் சொல்கிறார்கள், மாட்டிக்கொள்கிறீர்கள். நீதிமன்றத்தில் 10,000 ரூபாய் அபராதம் கட்டி வண்டியை எடுத்து வந்து, 'ஃபைன் கட்டிட்டேன், முடிஞ்சுது' என்கிறீர்கள். முடியவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அது தண்டனைத் தீர்ப்பு. கனடாவில் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதற்கான அதிகபட்சத் தண்டனை 2018 டிசம்பர் 18 முதல் ஐந்திலிருந்து பத்து ஆண்டாக உயர்ந்தது. பத்து ஆண்டைத் தொட்டால் அது 'கடுங்குற்றம்' என்ற பட்டியலில் சேரும். இதில் ஒரு நுணுக்கம்: இந்தியாவில் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினாலே குற்றம், கனடாவின் குற்றவியல் வரம்பு 80. உங்கள் அளவு 40 என்றால் வாதாட இடமுண்டு, அளவைக் காட்டும் காகிதம் கையில் இருந்தால். அதை யார் பத்திரப்படுத்துகிறார்கள்?

'ஒருமுறை தண்டனை, ஆயுளுக்கும் தடை' என்பதும் சரியல்ல. தண்டனை முழுவதும் முடிந்து ஐந்து ஆண்டு ஆனபின், திருந்திவிட்டதாக ஏற்கச் சொல்லி கனடாவிடம் விண்ணப்பிக்கலாம். கடுங்குற்றம் அல்லாத ஒற்றைத் தண்டனை என்றால், பத்து ஆண்டு கடந்தால் பெரும்பாலும் விண்ணப்பமே தேவைப்படாது.

இனி அந்த ஏஜென்ட். கனடாவின் படிவம் தண்டனை பெற்றீர்களா என்று மட்டும் கேட்பதில்லை. கைதானதுண்டா, குற்றம் சாட்டப்பட்டதுண்டா என்றும் கேட்கிறது. 'ஆம்' என்று எழுதி விடுதலைத் தீர்ப்பை இணைப்பவருக்குப் பெரும்பாலும் கூடுதல் காத்திருப்புதான் மிச்சம். 'இல்லை' என்று எழுதிச் சிக்கினால் 40-ஆவது பிரிவு: பொய்த் தகவல், ஐந்து ஆண்டு தடை. தடை செய்யும் அளவுக்கு வலு இல்லாத வழக்கை மறைத்து, உறுதியான தடையைத் தானே வாங்கிக்கொள்கிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் மறைத்தால் 12-ஆவது பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை. ஏஜென்ட் கையெழுத்துப் போடுவதில்லை, போடுவது நீங்கள்.

கடைசியாக, நிரந்தர வசிப்புரிமை பற்றிய 'பி.ஆர். வந்துட்டா யாரும் அசைக்க முடியாது' என்ற நம்பிக்கை. இரட்டைக் குடியுரிமை இல்லாததால் இந்தியப் பாஸ்போர்ட்டை விட மனமின்றி வருடக்கணக்கில் பி.ஆராகவே இருப்பவர்கள் டொரண்டோவில் நிறைய. அதிகபட்சத் தண்டனை பத்து ஆண்டைத் தொட்டால் கடுங்குற்றம் என்ற கணக்கு அவர்களுக்கும் பொருந்தும். கனடாவில் குடித்துவிட்டு ஓட்டியதாகத் தீர்ப்பு வந்தால், கட்டியது அபராதம் மட்டுமே என்றாலும் நாட்டைவிட்டு அனுப்பும் நடவடிக்கை தொடங்கலாம். ஆறு மாதமோ அதற்கு மேலோ சிறை என்றால், குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகும் உரிமையும் போய்விடும்.