சிறையில் இருப்பவர் நமக்கு யார்?

ஞாயிறு திருப்பலியில் பொது மன்றாட்டு வேளை வரும்போது, நோயுற்றோருக்காகவும் இறந்தோருக்காகவும் வேண்டுவதோடு, சிறையில் வாடுவோருக்காகவும் வேண்டுகிறோம். பெயர் தெரியாத கைதிக்காகச் செபிப்பது எளிது. ஆனால் அக்கைதிக்கு ஒரு பெயரும், ஓர் ஊரும், ஓர் அரசியல் கோரிக்கையும் உண்டு என்று அறிந்தவுடன் நம் நா தயங்குகிறது. “ஏதோ செய்திருப்பார், அரசியல் நமக்கெதற்கு?” என்று ஒதுங்கிவிடுகிறோம். அவ்வாறு நாம் ஒதுங்கக் கூடிய ஒருவரைப் பற்றியே இம்மாதம் வாசகர்களோடு சிந்திக்க விழைகிறோம்.

அவர் பெயர் டென்சின் சுண்டூ; திபெத்தியர். 1959-ஆம் ஆண்டு தலாய் லாமா இந்தியாவில் தஞ்சம் புகுந்தபோது, அவரைப் பின்தொடர்ந்து பல்லாயிரம் திபெத்தியர் பனிமலைகளைக் கடந்து வந்தனர். அவர்களுள் பலர் இமயமலைச் சாரலில் சாலை போடும் கூலிகளாயினர். அத்தகைய பெற்றோருக்குப் பிறந்தவர் இவர். நமது மாநகரில், நுங்கம்பாக்கத்தில், இயேசு சபையினர் நடத்தும் லயோலா கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றவர்.

படிப்பு முடிந்ததும் அவர் வேலை தேடிப் போகவில்லை. தாம் கண்டறியாத தாயகத்தைக் காண, 1997-இல் லடாக்கிலிருந்து கால்நடையாகத் திபெத்திற்குள் சென்றார். சீன எல்லைக் காவலர் அவரைப் பிடித்தனர். மூன்று மாதங்கள் லாசா நகரின் சிறையில் அடைபட்டிருந்தார். அங்கே தமக்கு நேர்ந்த அடியையும் மிரட்டலையும் அவரே பின்னாளில் எடுத்துரைத்துள்ளார். இறுதியில் அவரை இந்தியாவுக்கே திருப்பித் துரத்தினர். பெற்றோர் பிறந்த மண்ணில் அவர் அந்நியர். இந்தியாவில் அகதிக்கு வழங்கப்படும் பதிவுச் சான்றிதழும் அவரை அந்நியர் என்றே குறிக்கிறது.

அதன்பின் அவர் மேற்கொண்ட வழி, கையில் ஆயுதமின்றிக் குரலெழுப்பும் வழி. 2002 ஜனவரியில் சீனப் பிரதமர் சு ரோங்ஜி மும்பைக்கு வந்தபோதும், 2005 ஏப்ரலில் பிரதமர் வென் ஜியாபாவ் பெங்களூருக்கு வந்தபோதும், உயர்ந்த கட்டடங்களில் ஏறித் திபெத்தின் விடுதலை கோரி முழக்கமிட்டார். இரண்டு முறையும் காவல்துறை அவரைக் கைது செய்தது.

2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் சீன அதிபர் ஷி ஜின்பிங், இந்தியப் பிரதமரை மாமல்லபுரத்தில் சந்தித்தார். அதற்குச் சில நாட்களுக்கு முன்பே, புதுச்சேரியை அடுத்த கோட்டக்குப்பம் பகுதியில் சுண்டூ கைதாகிக் காவலில் வைக்கப்பட்டார். தாம்பரம் பகுதியில் தங்கியிருந்த திபெத்திய மாணவர் சிலரும் பிடிக்கப்பட்டனர். அதிபர் தங்குவதற்கென ஏற்பாடாகியிருந்த கிண்டி விடுதியின் முன் கொடியோடு வந்த இளைஞர்களும் சாலையிலேயே கைது செய்யப்பட்டனர்.

அயல்நாட்டுத் தலைவரின் உயிரைக் காப்பது அரசின் கடமை; இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் விருந்தினரின் உயிரைக் காப்பது வேறு. அவர் காதில் ஒரு முழக்கமும் விழாமற் காப்பது வேறு. முன்னதற்காக ஒருவரைச் சோதிக்கலாம், தடுக்கலாம். பின்னதற்காக, ஆயுதம் ஏந்தாத மனிதரைக் குரலெழுப்புமுன்பே அடைத்துவைப்பது நீதியாகுமா?

கிண்டியின் அந்த விடுதிக்கு அருகிலேதான் நமது சின்னமலை இருக்கிறது. தம்மைத் தேடி வந்தவர்களிடமிருந்து தப்ப, புனித தோமையார் அங்குள்ள குகையில் ஒளிந்திருந்தார் என்பது நம் முன்னோர் வழிவழியாகக் காத்துவரும் மரபு. வெளிநாட்டிலிருந்து வந்து, துரத்தப்பட்டு, ஒளிந்து வாழ்ந்த ஒருவரின் கல்லறை மீதல்லவா மயிலைப் பேராலயம் எழுந்து நிற்கிறது! துரத்தப்படுபவரைக் கண்டு முகம் திருப்பிக்கொள்ளும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது?

திபெத்துக்குள்ளே இருப்போரின் நிலை இதனினும் கொடிது. பால்டன் கியாட்சோ என்ற துறவி 1959-இல் சிறைப்பட்டு, முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிறைகளிலும் உழைப்பு முகாம்களிலும் கழித்து, 1992-இல் வெளிவந்தார். தம்மைப் போன்றோரை வதைக்கப் பயன்பட்ட கருவிகள் சிலவற்றையே எடுத்துக்கொண்டு இந்தியாவுக்குத் தப்பிவந்து, உலகத்தார் முன் சாட்சி சொன்னார். தாஷி வாங்சுக் என்ற கடைக்காரர், திபெத்தியக் குழந்தைகள் தாய்மொழியில் கல்வி பெற வேண்டும் என்று பேசியதற்காக 2016 ஜனவரியில் கைதாகி, ஐந்தாண்டுத் தண்டனை முடிந்து 2021 ஜனவரியில்தான் விடுதலையானார். மொழிப் போரில் சிறைப்பட்டு 1939-இல் உயிர்நீத்த நடராசனையும் தாளமுத்துவையும் போற்றும் தமிழருக்கு இந்தக் கடைக்காரரின் வேதனை அந்நியமானதா?

இதனால் சீன மக்களை நாம் வெறுத்தலாகாது. ஷாங்காய் ஆயர் இக்னேஷியஸ் குங் 1955-இல் கைதாகி, முப்பது ஆண்டுகள் சிறையிருந்தார். அவரும் சீனரே. குற்றம் ஓர் இனத்தினுடையதன்று; கேள்வி கேட்பாரற்ற அதிகாரத்தினுடையது. அந்த நோய் நம் நாட்டிலும் உண்டு. திருச்சி மாவட்டம் விரகலூரில் பிறந்த இயேசு சபைக் குரு ஸ்டேன் சுவாமி, 2020 அக்டோபர் 8 அன்று தமது 83-ஆம் வயதில் கைது செய்யப்பட்டார். நடுக்குவாத நோயால் கோப்பையைப் பிடிக்க இயலாத அவர், உறிஞ்சுகுழல் உள்ள ஒரு குவளைக்காக நீதிமன்றத்தில் மனுச் செய்து வாரக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. குற்றம் மெய்ப்பிக்கப்படாமலே, 2021 ஜூலை 5 அன்று, கைதியாகவே மும்பை மருத்துவமனையில் உயிர் துறந்தார். அந்த முதியவருக்காகக் கண்ணீர் விட்ட நாம், சுண்டூவுக்காக வாய் திறக்கவில்லையெனில், நமது கண்ணீர் மனிதனுக்காகவா, நம் சமயத்தவனுக்காக மட்டுமா?

நம் ஆண்டவரும் ஓரிரவு காவலில் இருந்தவரே. தலைமைக் குருவின் முன்னிலையில் காவலன் ஒருவன் அவரைக் கன்னத்தில் அறைந்தான். பாடுகளின்போது பெரும்பாலும் மௌனம் காத்த இயேசு, அவ்வேளையில் மௌனமாயிருக்கவில்லை. தாம் தவறாகப் பேசியிருந்தால் அதை எடுத்துக்காட்டுமாறும், இல்லையேல் அடித்ததற்குக் காரணம் கூறுமாறும் கேட்டார். காவலில் உள்ளவனை அடிக்காதே, குற்றத்தை மெய்ப்பி என்பதே அக்கேள்வியின் பொருள். இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965-இல் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ ஏட்டில், உடலையும் உள்ளத்தையும் வதைப்பதைப் படைத்தவருக்கே இழைக்கும் அவமதிப்பாகக் கண்டித்துள்ளது.

திபெத்தியருக்கு நாம் ஒரு நன்றிக்கடனும் பட்டிருக்கிறோம். 1716-இல் லாசாவை அடைந்த இயேசு சபைக் குரு இப்போலித்தோ தெசிதேரியைத் திபெத்தியர் சிறையில் தள்ளவில்லை. சேரா மடத்தில் தங்கித் தங்கள் சமய நூல்களைக் கற்க இடம் தந்தனர். அவரே பின்னர் புதுச்சேரி மறைப்பணித் தளத்திற்கு வந்து தமிழும் பயின்றார். அயலான் என்று பாராது ஒரு குருவானவரை வரவேற்ற மக்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம்மிடையே அகதிகளாக இருக்கின்றனர்.

நாம் செய்யக்கூடியது என்ன? கைதானவரை 24 மணி நேரத்திற்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்கிறது நமது அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவு. கைதானதை உற்றார்க்கு அறிவிக்கவும், அவரை மருத்துவர் பரிசோதிக்கவும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல், டி. கே. பாசு வழக்கில் கட்டளையிட்டது. இவற்றை நம் பிள்ளைகளுக்கு மறைக்கல்வியோடு சேர்த்தே கற்பிப்போம். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையொப்பமிட்டும், இன்னும் அதனை உறுதிசெய்யவில்லை. வாக்குக் கேட்டு வருவோரிடம் இதைப் பற்றிக் கேட்போம். ஆகஸ்டு மாத இரண்டாம் ஞாயிறு சிறைப்பணி ஞாயிறாக வரும்போது, காணிக்கையோடு நின்றுவிடாமல், நம் பங்கிலிருந்து சிறைக்குச் சென்று சந்திப்போரோடு ஒரு முறையேனும் உடன் செல்வோம்.

சீனச் சிறையில் பல்லாண்டுகள் கழித்து மீண்ட ஒரு துறவியைப் பற்றித் தலாய் லாமா அடிக்கடி கூறுவதுண்டு. சிறையில் தாம் பெரும் ஆபத்துக்கு உள்ளானதாக அவர் சொன்னாராம். உயிருக்கா என்று கேட்டபோது, இல்லை, தம்மை வதைத்தவர்கள் மீது கொண்ட இரக்கத்தை இழந்துவிடும் ஆபத்து என்றாராம். கிறிஸ்துவை அறியாத அத்துறவி, பகைவரை நேசிக்கச் சொன்ன நம் ஆண்டவரின் போதனையை வாழ்ந்து காட்டியிருக்கிறார். நமக்கோ ஆபத்து வேறு. அடைபட்டவர் மீது இரக்கம் பிறக்காமலே போய்விடும் ஆபத்து. ஆகவே வரும் ஞாயிறு சிறையில் வாடுவோருக்காக மன்றாடும்போது, நாம் அறிந்த ஒரு கைதியின் பெயரையேனும் மனத்துள் சொல்லி மன்றாடுவோமாக.