தோட்டத்திலிருந்து சிற்றுண்டிச்சாலைக்கு எவ்வளவு தூரம்?

கடந்த வருடம் பெருநாள் விடுமுறைக்குக் கற்பிட்டியிலுள்ள சாச்சா வீட்டுக்குச் சென்றிருந்தேன். தோட்டத்தின் ஓரத்தில் பூசணிக்காய்கள் குவியலாகக் கிடந்தன. சில வெடித்து அழுகத் தொடங்கியிருந்தன.

"ஏன் சாச்சா, இதெல்லாம் விக்கல்லியா?" என்று கேட்டேன்.

"அவங்க சொல்ற விலை லொறிக் கூலிக்கும் பத்தாது மகள்" என்றார்.

விடுமுறை முடிந்து புத்தளம் திரும்பிய முதல் நாள், இடைவேளையில் எங்கள் சிற்றுண்டிச்சாலை வரிசையில் நின்றேன். கண்ணாடிப் பெட்டிக்குள் ரோல்ஸ், பட்டிஸ், சீனி பணிஸ். மரக்கறி என்று சொல்வதற்கு ரோல்ஸின் உள்ளே இருந்த உருளைக்கிழங்கு மட்டுமே இருந்தது. அந்தக் குவியலும் இந்த வரிசையும் ஒரே மாவட்டத்தில்தான் இருக்கின்றன. இவ்விரண்டையும் இணைக்க வேண்டும், பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகள் தமது பிரதேச விவசாயிகளிடமிருந்து மரக்கறியையும் பழங்களையும் நேரடியாக வாங்க வேண்டும் என்பதே என் கருத்து.

கற்பிட்டிக் குடாநாட்டின் மணல் நிலத்தில், கிணற்று நீரைக் கொண்டு வெங்காயம், மிளகாய், பீட்ரூட், கத்தரி, வெண்டி, பூசணி எனப் பலவும் பயிரிடப்படுகின்றன. அவற்றில் பெரும்பங்கு நுரைச்சோலை, தம்புள்ளை போன்ற பொருளாதார மத்திய நிலையங்களுக்குப் போய், பல கைகள் மாறிய பின்னரே நம் சமையலறைக்கு வருகிறது. சாக்குகளில் திணித்து, லொறியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அனுப்புவதால் வழியிலேயே நிறைய நசுங்கிப் போகிறது. இலங்கையில் மரக்கறி, பழங்களின் அறுவடைக்குப் பிந்திய இழப்பு 30 முதல் 40 சதவீதம் என்று பொதுவாக மதிப்பிடப்படுகிறது. வீண்விரயத்தைக் கண்டிக்கும் மார்க்கத்தைப் பின்பற்றும் நாம் இதைச் சாதாரண விடயமாக எடுத்துக்கொள்ளலாமா?

"பிள்ளைகள் இதையெல்லாம் சாப்பிட மாட்டார்கள்" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. எங்கள் இல்ல விளையாட்டுப் போட்டியன்று அவித்த சோளமும், மரவள்ளிக்கிழங்கும் கட்டச் சம்பலும் விற்றோம். பதினொரு மணிக்கு முன்பே பாத்திரம் காலி. பிள்ளைகளுக்குக் கிடைக்காத ஒன்றைப் பிள்ளைகள் விரும்பவில்லை என்று எப்படிச் சொல்வது?

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சிற்றுண்டிச்சாலை நடத்தும் மாமியிடம் இதைப் பற்றிப் பேசினேன். "மாசா மாசம் வாடகை கட்டணும் மகள். ரோல்ஸ் மிஞ்சினா பேக்கரிக்காரர் திருப்பி எடுப்பார். கத்தரிக்காய் மிஞ்சினா யார் எடுப்பா?" என்றார். அவர் மீது குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதிக வாடகை தருபவருக்கே சிற்றுண்டிச்சாலையைக் கொடுத்துவிட்டு, அவர் இலாபத்தைப் பார்க்கக் கூடாது என்று நாம் எதிர்பார்ப்பது நியாயமல்ல. ஆரோக்கியமான உணவுகளை விற்கும்படி கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள் கூறுகின்றன. ஆனால் நட்டத்தை யார் தாங்குவது என்ற கேள்விக்கு விடை காணாமல் சுற்றறிக்கையால் மட்டும் கண்ணாடிப் பெட்டி மாறாது.

பிரேசில் நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டமொன்று, பாடசாலை உணவுக்காக மத்திய அரசு வழங்கும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்தைக் குடும்ப விவசாயிகளிடம் பொருட்கள் வாங்கவே செலவிட வேண்டும் என்று விதித்தது. அங்கே உணவுக்கு அரசே பணம் தருகிறது. நம்முடையதோ சிறிய சிற்றுண்டிச்சாலை. ஆனாலும் அதிலுள்ள பாடம் நமக்கும் பொருந்தும். வாங்குவது உறுதி என்றால்தான் விவசாயி துணிந்து பயிரிடுவார்.

உள்ளூர் மரக்கறி என்றாலே சுத்தமானது என்று நான் கூறவில்லை. அளவுக்கு மீறிய பசளையால் கற்பிட்டியின் நிலத்தடி நீரில் நைத்திரேற்று கலந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பூச்சிகொல்லி தெளித்த பின் குறித்த நாட்கள் கழித்தே அறுவடை செய்ய வேண்டும் என்று விவசாய விஞ்ஞானப் பாடத்தில் படிக்கிறோம். பல கைகள் மாறி வந்த கத்தரிக்காயிடம் "உனக்கு எப்போது மருந்தடித்தார்கள்?" என்று கேட்க முடியாது. தெரிந்த விவசாயியிடம் கேட்கலாம். அதை நிபந்தனையாகவும் வைக்கலாம்.

ஆகவே ஒரு தவணைக்கு மட்டும், வாரத்தில் இரண்டு நாட்கள் முயன்று பார்ப்போம். அந்த நாட்களுக்குரிய வாடகையைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் குறைக்கட்டும். வகுப்புத் தலைவிகள் முன்கூட்டியே எண்ணிக்கை எடுத்துக் கொடுத்தால் மிச்சமும் குறையும். இலைக்கஞ்சி, அவித்த சோளம், மரக்கறி ரொட்டி, பப்பாளித் துண்டு என அந்தந்தப் பருவத்தில் கிடைப்பதே பட்டியலாக இருக்கட்டும். பெற்றோரே, காலையில் நூறு ரூபாயைக் கையில் வைப்பதோடு உங்கள் கடமை முடிந்துவிடுவதில்லை. அந்தப் பணத்தில் என்ன கிடைக்கிறது என்று சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். தோழியரே, பெயர் கொடுத்துவிட்டு அன்றைக்கு ரோல்ஸ் தேடி ஓடினால் நட்டம் அந்த மாமிக்குத்தான்.

சாச்சா இம்முறை பூசணி போடவில்லை. அவருடைய மகன் கட்டார் போகக் கடவுச்சீட்டு எடுத்துவிட்டார். போன வாரம் தொலைபேசியில் இந்த யோசனையைச் சொன்னேன். சாச்சா சிரித்துவிட்டு, "எத்தனை கிலோ வேணும்னு சொல்லுங்க மகள், காலையில கொண்டாந்து எறக்குறேன்" என்றார்.

அந்த எண்ணிக்கையை என்னால் தனியே சொல்ல முடியாது. நாம் எல்லோரும் சேர்ந்துதான் சொல்ல வேண்டும்.