மீன் பிராய்லர் கோழி அல்ல

மீன் வளர்ப்புப் பயிற்சி முகாம் எதற்குப் போனாலும் மேடையில் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இறங்குவதில்லை: "மீன் என்பது தண்ணீருக்குள் வளரும் பிராய்லர் கோழி. அலையவிடாதே, தீனியைக் கொட்டு, சதை தானாக ஏறும்." உடனே கைதட்டல். தீவன மூட்டை விற்பவர்கள் இன்னும் பலமாகத் தட்டுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் கேட்டுக் காது புளித்துவிட்டது.

முதலில் கோழி. குஞ்சு முட்டையை உடைத்து வெளிவரும்போதே அதன் தசையிழைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ முடிவாகிவிடுகிறது. பிறகு அவை பருக்கும், பெருகாது. சால்மன், கெண்டை போலப் பெரிதாக வளரும் மீன்களுக்கோ குஞ்சுப் பருவம் தாண்டியும் புதிய இழைகள் உண்டாகிக்கொண்டே இருக்கின்றன. உடல் சூட்டைக் காக்கக் கோழி செலவிடும் சக்தியும் மீனுக்கு வேண்டாம். இரண்டையும் குழம்பு வைக்கலாம் என்பதைத் தவிர வேறு ஒற்றுமை எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது, 'புரதம் கூடக்கூடச் சதை கூடும்' என்ற உபதேசம். கெண்டைத் தீவனத்தில் 30 சதவீதம் அளவுக்குப் புரதம் இருந்தால் பெரும்பாலும் போதும். அதற்கு மேல் போவதை மீன் உடைத்து எரித்துவிடுகிறது; மிஞ்சும் நைட்ரஜன் அம்மோனியாவாகச் செவுள் வழியே குளத்தில் கலக்கிறது. காசு கொடுத்து வாங்கிய புரதம் குளத்துக்கு நஞ்சாகிறது. அந்த நஞ்சை முறிக்கும் மருந்தும் அதே கடையில்தான் கிடைக்கும்.

இனி முக்கியமான புளுகு: 'நீந்தினால் தின்றதெல்லாம் எரிந்துபோகும்.' மீன் அறுத்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள், பக்கவாட்டில் தோலுக்கு அடியில் கருஞ்சிவப்பாக ஒரு பட்டை ஓடும். சூரையில் அது உள்ளே முதுகெலும்பை ஒட்டிப் பளிச்சென்று தெரியும். ஓயாமல் நீந்துவதற்கான தசை அதுதான். நாம் விரும்பித் தின்னும் வெள்ளைச் சதை திடீர்ப் பாய்ச்சலுக்கானது. மீன் நிதானமாக நீந்தும்போது உழைப்பது சிவப்புத் தசை. அது பெரிதும் கொழுப்பை எரித்தே ஓடுகிறது. எனவே தீனியில் உள்ள புரதம் சதை வைக்க மிச்சமாகிறது.

இது ஏட்டுக் கணக்கு அல்ல. 1987இல் வெளியான நார்வே ஆய்வில், வளர்ந்த சால்மனை நீரோட்டத்தை எதிர்த்து மாதக்கணக்கில் நீந்தவிட்டார்கள். அவை சும்மா கிடந்தவற்றைவிட நன்றாக வளர்ந்தன. 1990இல் கிறிஸ்டியான்சென், ஜோப்லிங் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஆர்க்டிக் சார் மீன்குஞ்சுகளைக் கொண்டு காட்டியது இன்னும் சுவையானது. அசையாத நீரில் வலுத்த குஞ்சு மெலிந்ததைக் கடிக்கிறது, விரட்டுகிறது, தீனியை மறிக்கிறது. மிதமான நீரோட்டம் வந்ததும் எல்லாம் ஒரே திசை பார்த்து வரிசையாக நீந்துகின்றன; சண்டைக்கு நேரமில்லை. கடி குறைகிறது, வளர்ச்சி கூடுகிறது. 'அலையவிடாதே' என்பவர் தம் தொட்டியில் இந்தக் குத்துச்சண்டைக்குத்தான் மேடை போட்டுக் கொடுக்கிறார். ஒரு தொட்டியில் ஒரே வயதுக் குஞ்சுகள் சில பெருத்தும் பல நறுங்கியும் நிற்பதைப் பார்த்துவிட்டு 'குஞ்சு சரியில்லை' என்று குஞ்சுக்காரர்மேல் பழியைப் போடுவார்.

அதற்காக வெள்ளம்போல் பம்பைத் திறந்துவிடச் சொல்லவில்லை. சால்மன் இனத்துக்கு வினாடிக்குத் தன் உடல் நீளத்தில் ஒன்று முதல் ஒன்றரை மடங்கு தூரம் நீந்தும் வேகம் பொருந்தும். 20 செ.மீ. குஞ்சுக்கு வினாடிக்கு 20 முதல் 30 செ.மீ. அதை மிகவும் மீறினால் வெள்ளைத் தசை இழுக்கப்பட்டு மீன் களைத்துப்போகும். அப்போதுதான் தீனி உண்மையில் வீண்.

"அது குளிர்நாட்டு மீன், நம் ஊருக்கு ஒத்துவருமா?" நம் ஜிலேபி மீனுக்கும் சிவப்புத் தசை இருக்கிறது ஐயா. "கரண்ட் பில் யார் கட்டுவது?" ஏற்கெனவே ஓடும் பம்புதான், வட்டத் தொட்டியில் நீர் விழும் குழாயைச் சற்றுச் சாய்த்தால் நீர் சுழலும், கழிவும் நடுவில் சேரும்.

அடுத்த முகாமில் அந்த வாக்கியம் காதில் விழுந்தால் கைதட்டாதீர்கள். எழுந்து நின்று, "தீவனத்துக்கு அட்டவணை கொடுத்தீர்கள், நீரோட்டத்துக்கு எங்கே?" என்று கேளுங்கள்.