கார்கிலுக்குப் பின் 5 ஆண்டுகள்

1999 கோடையில், கார்கில் போரின்போது, திராஸ், பட்டாலிக் முகடுகளுக்கு மேல் பறந்த சீட்டா ஹெலிகாப்டர்களில் ஆயுதம் ஏதும் பொருத்தப்படவில்லை. ஒற்றை எஞ்சின், விமானிகளையும் சேர்த்து ஐவருக்கே இடம். காற்று மெலிந்த அவ்வுயரத்தில் விசிறியின் தூக்குவலிமை குன்றும். எரிபொருளைக்கூட அளந்தே நிரப்ப வேண்டும். பகை நிலத்தில் விழ நேர்ந்தால் உயிர்காக்கத் துப்பாக்கியொன்றை உடன் வைத்துக்கொண்டு அவ்வூர்தியைச் செலுத்தினார் இந்திய விமானப்படையின் பெண் விமானி குஞ்சன் சக்சேனா. காயமுற்ற வீரர்களை மீட்டு வருவதும், முன்னணி நிலைகளுக்கு உணவும் மருந்தும் சேர்ப்பதும், பகைவர் பதுங்கிய இடங்களைக் கண்டு சொல்வதும் அவர் கடமை. மற்றொரு பெண் விமானியான ஸ்ரீவித்யா ராஜனும் அப்போரில் பறந்தவரே. இருவருள் போர்க்களத்தில் முதலில் பறந்தவர் யார் என்ற வழக்கில் நாம் இறங்கவில்லை.

2004-இல் சக்சேனாவின் பணிக்காலம் முடிந்தது. திறமைக் குறைவு காரணமன்று. விமானப்படை பெண்களுக்குத் திறந்ததே குறுகியகாலப் பணி என்னும் வாயிலைத்தான். நிரந்தரப் பணிக்கு அன்று அவர்களுக்கு வழியில்லை. மலைக்காற்றின் போக்கைப் போரிலேயே கற்ற ஒருவரை, அவ்வறிவு முதிரும் வேளையில் வீட்டுக்கு அனுப்புவது எவ்வகைச் சிக்கனம்?

அவர் வாழ்வைத் தழுவிய திரைப்படம் 2020-இல் வெளிவந்தபோது, தன்னைத் தவறாகச் சித்திரித்ததாக விமானப்படை தணிக்கை வாரியத்துக்குக் கடிதம் எழுதியது. படத்தில் மிகை இருந்திருக்கலாம். படை தமக்கு வாய்ப்பளித்தது என்றே சக்சேனாவும் கூறினார். ஆனால், சக அதிகாரிகள் ஏளனம் செய்தார்களா இல்லையா என்பதிலேயே வாதம் சுழன்றது. எவர் மனமும் கோணாமல், கோப்பின் வழியாகவே ஒருவரை வெளியேற்றிவிட முடியும் என்பது பேசப்படவில்லை.

பெண் அதிகாரிகள் நிரந்தரப் பணிக்கு உரியவர்கள் என்று தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2010-இல். அதற்கு முன்பே வெளியேறிவிட்ட விமானப்படைப் பெண் அதிகாரிகள் 32 பேரை, 20 ஆண்டு பணியாற்றியவர்களாகக் கருதி ஓய்வூதியத்துக்குப் பரிசீலிக்குமாறு உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் ஆணையிட்டது. பணிக்குத் திரும்பும் காலம் கடந்துவிட்டிருந்தது.

2016-இல் மூன்று பெண்கள் போர் விமானிகளாயினர். அதுவும் சோதனைத் திட்டம் என்ற பெயரிலேயே தொடங்கி, 2022-இல்தான் நிலைபெற்றது. நிரந்தரப் பணி கோருவோரில் எத்தனை பேருக்கு அது கிட்டியது, மறுக்கப்பட்டோருக்குச் சொல்லப்பட்ட காரணம் என்ன என்பதைப் பாதுகாப்பு அமைச்சகம் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும்.