படிச்சா சாதி போயிடுமா? பாமாவின் 'கருக்கு' கேட்கும் கேள்வி

ஊர்ப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கொண்டு போகிறார். பொட்டலத்தில் கை படாமல், கட்டியிருக்கும் நூலை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறார். அதைப் பார்த்த சிறுமிக்குச் சிரிப்பு தாங்கல. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. 'நாம தொட்டா தீட்டுன்னு நினைக்கிறாங்க' என்று விளக்குகிறார்.

அந்தச் சிறுமிதான் எழுத்தாளர் பாமா. 1992-ல் வெளிவந்த அவரது தன்வரலாறான 'கருக்கு'வில் வரும் சம்பவம் இது.

யார் இந்த பாமா?

மதுரைக்குத் தெற்கே, இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் புதுப்பட்டியில் 1958-ல் பிறந்தவர். ஆசிரியரானவர், ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லலாம் என்று கன்னியாஸ்திரி ஆனார். மடத்துக்குள்ளும் சாதி இருந்தது. ஏழு ஆண்டுகளில் வெளியேறினார். அந்த வலியில் எழுதியதுதான் 'கருக்கு'. பனைமட்டையின் ரம்பம் போன்ற ஓரத்துக்குத்தான் அந்தப் பெயர்.

இதில் கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. தீண்டாமையைத் தண்டிக்கும் சட்டம் 1955-லேயே வந்துவிட்டது. அதாவது, பாமாவை விட அந்தச் சட்டத்துக்கு மூன்று வயது அதிகம். ஆனாலும் பொட்டலத்து நூல் அப்படியே இருந்தது.

அமெரிக்காவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் 1959-ல் இந்தியா வந்தார். கேரளப் பள்ளி ஒன்றில், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் 'தீண்டப்படாதவர்' என்று அவரை அறிமுகம் செய்தார்கள். கிங்குக்கு முதலில் அதிர்ச்சி. தன் மக்களின் நிலையை யோசித்த பிறகு, ஆமாம், நானும் அப்படித்தான் என்று ஒப்புக்கொண்டார். 1965-ல் தேவாலய உரை ஒன்றில் அவரே இதைச் சொன்னார். அமெரிக்காவில் 1964-லேயே குடிமை உரிமைகள் சட்டம் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் அவர் இதைப் பேச வேண்டியிருந்தது.

இப்போ ஏன் பேசணும்?

மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்களைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது 2008-ல்தான். 2023-ல் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரை, அவர் வீட்டுக்கே போய் வெட்டியது கூடப் படித்த மாணவர்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. இதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் சாதி அடையாளக் கயிறு கட்டத் தடை, பள்ளிப் பெயர்களில் உள்ள சாதியை நீக்குவது எனப் பரிந்துரைகளை 2024-ல் கொடுத்தது.

'நல்லா படி, அப்போதான் மதிப்பாங்க' என்பதுதான் அண்ணன் பாமாவுக்குச் சொன்ன வழி. பாமா படித்தார், முதல் மதிப்பெண் எடுத்தார். அதே பள்ளி நாட்களில்தான் தேங்காய் திருடியதாகப் பழி சுமத்தி, சாதியைச் சொல்லித் திட்டவும் செய்தார்கள் என்று எழுதுகிறார்.

அண்ணன் சொன்னது தப்பில்லை. ஆனால் படிக்கிற பிள்ளை மட்டும் மாறினால் போதாது, பக்கத்து பெஞ்சில் இருப்பவரும் மாறணும். அன்று நூலில் தொங்கிய சாதி, இன்று கயிறாகக் கையில் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளையின் கையில் கயிறு இருந்தால், அது எதுக்குன்னு இன்னிக்கே ஒரு தடவை கேட்டுப் பாருங்க.