தோற்றபின் கட்சி யாரைத் தேடுகிறது? பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் காட்டும் கணக்கு

களியக்காவிளையில் திருவனந்தபுரம் பஸ் ஏறினால் முதலில் பாறசாலை, அடுத்து நெய்யாற்றின்கரை. டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஜன்னல் வழியே பார்த்துப் பழகிய ஊர்கள். திருவனந்தபுரம் மக்களவைத் தொகுதிக்குள் வரும் ஏழு சட்டமன்றத் தொகுதிகளில் தெற்குக் கோடியில் இருப்பவை இந்த இரண்டும்.

அங்கே 2009 முதல் நடந்த நான்கு மக்களவைத் தேர்தல்களிலும் ஜெயித்தவர் சசி தரூர். அதனால் பேச்சு எப்போதும் அவரைப் பற்றியே இருக்கும். தோற்ற கட்சிகள் ஒவ்வொரு முறையும் அடுத்த ஆளை எப்படித் தேர்ந்தெடுத்தன என்று பார்த்தால் கதை இன்னும் சுவாரஸ்யம். ஒரு தோல்வி அடுத்த வேட்பாளரைத் தீர்மானிப்பதில்லை. அந்தத் தோல்விக்குக் கட்சி சொல்லிக்கொள்ளும் காரணம்தான் தீர்மானிக்கிறது. அந்தக் காரணம் தப்பாக இருந்தால்?

எல்லாம் எங்கே தொடங்கியது?

2009-ல் இடதுசாரி முன்னணி சார்பில் சிபிஐ-யின் பி. ராமச்சந்திரன் நாயர் நின்றார். அப்போதுதான் அரசியலுக்கு வந்திருந்த தரூரிடம் 99,998 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். இன்னொரு எண்ணும் கட்சிகளின் கண்ணில் பட்டது. பகுஜன் சமாஜ் சார்பில் நின்ற முன்னாள் அமைச்சர் நீலலோஹிததாசன் நாடார் 86,233 வாக்கு வாங்கி மூன்றாம் இடம் வந்திருந்தார். பாஜகவின் பி.கே. கிருஷ்ணதாஸ் 84,094 வாக்குகளோடு நான்காவது.

நீலன் 1980-லேயே இந்தத் தொகுதியில் ஜெயித்து எம்.பி. ஆனவர்; அந்த வாக்கில் அவருடைய சொந்தச் செல்வாக்கும் இருந்திருக்கும். ஆனால் கட்சி அலுவலகங்களில் இப்படிப் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். ‘தெற்கே நாடார் வாக்கு தனியாக நிற்கிறது, அதை யார் இழுப்பது?’ என்பதுதான் அங்கே கேள்வியாகியிருக்கும்.

கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் உண்டு. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு இந்தப் பக்கம் வந்தது, நெய்யாற்றின்கரை அந்தப் பக்கமே நின்றுவிட்டது. கோடு போட்டதால் சொந்தபந்தம் அறுந்துவிடாது இல்லையா? வெள்ளறடை, குன்னத்துக்கால், செங்கல் பக்கத்து நாடார் குடும்பங்களுக்கு மார்த்தாண்டம்வரை உறவு. உள்பக்கம் சிஎஸ்ஐ சபைகள், கடலோரம் பொழியூரில் லத்தீன் கத்தோலிக்க மீனவர்கள், அம்பூரிப் பக்கம் ரப்பர் தோட்டம். தலைநகரிலிருந்து மனதளவில் ரொம்ப தூரம்.

2014: பதிலாக வந்த டாக்டர்

அடுத்த தேர்தலுக்கு சிபிஐ ஒரு கட்சித் தோழரை நிறுத்தவில்லை. காரக்கோணம் சிஎஸ்ஐ மருத்துவக் கல்லூரியின் இயக்குநராக இருந்த டாக்டர் பென்னட் ஆபிரகாமைக் கொண்டுவந்தது. காரக்கோணம் பாறசாலைத் தொகுதிக்குள், தமிழக எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். நாடார் சமூகம், சிஎஸ்ஐ, உள்ளூரில் தெரிந்த பெயர். 2009 கேட்ட கேள்விக்கு அளவெடுத்துத் தைத்த பதில்.

முடிவு வந்தபோது அவர் மூன்றாம் இடம். பாஜகவின் ஓ. ராஜகோபால் இரண்டாமிடம், தரூர் வெறும் 15,470 வாக்கில் தப்பினார். சிபிஐ-க்குள் பெரிய பூகம்பம். பணம் வாங்கிக்கொண்டு வெளியாளுக்கு சீட் கொடுத்ததாகப் புகார் கிளம்பி, சி. திவாகரன், பி. ராமச்சந்திரன் நாயர், வெஞ்ஞாறமூடு சசி ஆகிய மூன்று தலைவர்கள்மீது கட்சி ஒழுங்கு நடவடிக்கை எடுத்தது. அதில் ராமச்சந்திரன் நாயர், ஐந்து வருஷம் முன்னால் அதே தொகுதியில் தோற்ற வேட்பாளர்!

கட்சி எழுதிக்கொண்ட பாடம் தெளிவு: வெளியாள் வேண்டாம், நம்ம ஆள் போதும். 2019-ல் நின்றவர் சி. திவாகரன். ஆமாம், நடவடிக்கைக்கு ஆளான அதே திவாகரன்தான். முன்னாள் அமைச்சர், அப்போது நெடுமங்காடு எம்.எல்.ஏ. மூன்றாம் இடம். 2024-ல் பன்னியன் ரவீந்திரன். 2005 இடைத்தேர்தலில் இதே தொகுதியில் ஜெயித்தவர், கட்சியின் முன்னாள் மாநிலச் செயலாளர், அப்போது வயது 78. மறுபடி மூன்றாம் இடம்.

அந்தப் பாடம் சரியா?

இங்கே சிபிஐ வாங்கிய வாக்குகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2009-ல் 2,26,727. 2014-ல், அந்த ‘தப்பான வேட்பாளர்’ வாங்கியது 2,48,941. 2019-ல் 2,58,556. 2024-ல் 2,47,648.

கட்சிக்குள் பூகம்பத்தைக் கிளப்பிய பென்னட் ஆபிரகாம், முந்தைய கட்சித் தோழரைவிட 22 ஆயிரம் வாக்கு கூடுதலாக வாங்கியிருக்கிறார். பத்து வருஷம் கழித்து நின்ற பன்னியனைவிடவும் ஆயிரத்துச் சொச்சம் அதிகம். வாக்குப்பதிவு கூடியதால் 2014-ல் சதவீதம் கொஞ்சம் இறங்கியது உண்மை. ஆனாலும் ஆள் மாறியதால் வாக்கு சரிந்தது என்று யாரும் சொல்ல முடியாது. டாக்டரோ, முன்னாள் அமைச்சரோ, மூத்த தலைவரோ, யார் நின்றாலும் ஏறக்குறைய இரண்டரை லட்சம்.

மாறியது பாஜக. 84,094 என்பது ஐந்தே ஆண்டில் 2,82,336 ஆனது. சிபிஐ மூன்றாம் இடத்துக்குப் போனது தன் வாக்கு கரைந்ததால் அல்ல, இன்னொரு கட்சி தாண்டிப் போனதால். சீட் எப்படிக் கொடுக்கப்பட்டது என்று விசாரித்தது கட்சியின் உரிமை, வேண்டியதும்கூட. ஆனால் அந்த ஒழுக்கப் பிரச்சினையையே தோல்விக்கான காரணமாகவும் எடுத்துக்கொண்டதால், ‘பாஜகவை முந்தக்கூடிய ஆள் யார்?’ என்ற கேள்வி ஓரமாகப் போய்விட்டது. அடுத்த இரண்டு வேட்பாளர்களும் 2014-ன் சர்ச்சைக்குப் பதிலாகத்தான் தெரிகிறார்கள்.

பாஜக எப்படிப் படித்தது?

இதற்குத் திரும்பவும் எல்லையோரத்துக்கே வர வேண்டும். 2011-ல் நெய்யாற்றின்கரையில் சிபிஎம் சார்பில் ஜெயித்த ஆர். செல்வராஜ், 2012 மார்ச்சில் பதவியையும் கட்சியையும் விட்டார். ஜூன் 2-ல் நடந்த இடைத்தேர்தலில் அவரே காங்கிரஸ் வேட்பாளர். டி.பி. சந்திரசேகரன் கொலைக்கு ஒரு மாதம்கூட ஆகாத நேரம். வாக்குப்பதிவு நாளன்றே வி.எஸ். அச்சுதானந்தன் சந்திரசேகரனின் மனைவி கே.கே. ரமாவைப் பார்க்க ஒஞ்சியம் போனார். செல்வராஜ் 6,334 வாக்கு வித்தியாசத்தில் சிபிஎம்மின் எஃப். லாரன்ஸைத் தோற்கடித்தார்.

அந்தச் சத்தத்தில் பலர் கவனிக்காமல் விட்டது மூன்றாம் இடத்தை. ராஜகோபால் 30,507 வாக்கு வாங்கியிருந்தார். முந்தைய ஆண்டு அதே தொகுதியில் பாஜக ஏழாயிரத்தைக்கூடத் தொடவில்லை.

ராஜகோபாலும் தோற்றவர்தான். 2004 மக்களவைத் தேர்தலில் இரண்டு லட்சத்துக்கு மேல் வாங்கியும் மூன்றாமிடம். 2009-ல் ஆளை மாற்றிய பாஜக நான்காம் இடத்துக்கு விழுந்தது. திரும்ப அவரிடமே போனது: 2012 நெய்யாற்றின்கரை, 2014 மக்களவை, கடைசியில் 2016-ல் நேமம். அங்கே ஜெயித்து கேரளாவின் முதல் பாஜக எம்.எல்.ஏ. ஆனார்.

எல்லாம் திட்டப்படி நடந்தது என்றும் சொல்ல முடியாது. 2019-ல் கும்மனம் ராஜசேகரன் மிசோரம் ஆளுநர் பதவியை விட்டுவிட்டு வந்து நின்றார். வாக்கு கூடியது, வித்தியாசம் 99,989 ஆகிவிட்டது. 2024-ல் ஒன்றிய அமைச்சர் ராஜீவ் சந்திரசேகர், வித்தியாசம் 16,077. (99,998, 15,470, 99,989, 16,077 என்ற இந்த வரிசையைப் பார்த்தால் யாரோ உட்கார்ந்து எழுதியது போலிருக்கும்.) தோற்ற ராஜீவை 2025 மார்ச்சில் கட்சி மாநிலத் தலைவராக்கியது. அந்த டிசம்பரில் திருவனந்தபுரம் மாநகராட்சியின் 101 வார்டுகளில் 50 பாஜகவுக்கு.

அப்படியென்றால் பாஜக சரியாகப் படித்ததா? பாதிதான். 2014-ல் நகரத்தையும் அதை ஒட்டிய பகுதிகளையும் கொண்ட நான்கு சட்டமன்றத் தொகுதிகளில் ராஜகோபால் முன்னால் இருந்தார். தரூரைக் கரையேற்றியவை பாறசாலை, நெய்யாற்றின்கரை, கோவளம். 2024-லும் கழக்கூட்டம், வட்டியூர்க்காவு, நேமம் பாஜக பக்கம்; தெற்கே உள்ள மூன்றும் மறுபடி தரூர் பக்கம். பத்து வருஷ இடைவெளியில் ஒரே இடத்தில் இரண்டு முறை வழுக்கியிருக்கிறது. நகரத்து நடுத்தர வர்க்கத்துக்குப் பிடிக்கும் ஆளைத் தேடிக் கண்டுபிடித்த கட்சி, பொழியூர்க் கடற்கரையில் கேட்கப்படும் ஆளை இன்னும் காட்டவில்லை. மாநகராட்சி வெற்றியும் அங்கே உதவாது. நேமம் தாண்டி பாலராமபுரம் வந்தாலே மாநகராட்சி எல்லை முடிந்துவிடும்.

சட்டமன்றத் தேர்தலில் வேறு பழக்கம்

சிபிஎம் 2011-ல் பாறசாலையை வெறும் 505 வாக்கில் காங்கிரஸின் ஏ.டி. ஜார்ஜிடம் இழந்தது. இவ்வளவு குறைவாகத் தோற்றவருக்கு இன்னொரு வாய்ப்பு கொடுப்பார்கள் என்றுதான் நினைப்போம். கொடுக்கவில்லை. தோற்ற ஆனாவூர் நாகப்பன் பிறகு கட்சியின் மாவட்டச் செயலாளர் ஆனார், 2016-ல் சி.கே. ஹரீந்திரன் நின்று 18,566 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். 2021-ல் வித்தியாசம் 25,828.

பக்கத்தில் நெய்யாற்றின்கரையில் காங்கிரஸ் செய்தது நேர் எதிர். 2016-ல் செல்வராஜ் சிபிஎம்மின் கே. ஆன்சலனிடம் 9,543 வாக்கில் தோற்றார். 2021-லும் அவரையே நிறுத்தியது. இந்தமுறை 14,262.

ஆளை மாற்றுவதா, அதே ஆளா?

இலங்கையைப் பார்த்தால் இதற்கு ஒரே விடை கிடையாது என்பது புரியும். 2005 ஜனாதிபதித் தேர்தலில் ரணில் விக்ரமசிங்க இரண்டு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றார்; வடக்கில் புலிகள் அறிவித்த புறக்கணிப்பு அதில் பெரிய காரணம். அதன்பிறகு ஐக்கிய தேசியக் கட்சி 2010-ல் சரத் பொன்சேகாவையும் 2015-ல் மைத்திரிபால சிறிசேனவையும் ஆதரித்தது. இருவரும் வெளியாட்கள். சிறிசேன ஜெயித்தார், ஆனால் கட்சிக்குள் அடுத்த தலைவர் யார் என்பது தீரவே இல்லை. 2019-ல் சஜித் பிரேமதாச தோற்றதும் 2020-ல் கட்சியே பிளந்தது.

அநுர குமார திசாநாயக்க அதே 2019-ல் வாங்கியது 3.16 சதவீதம். கட்சி ஆளை மாற்றவில்லை. 2024-ல் முதல் எண்ணிக்கையிலேயே 42.31 சதவீதம், ஜனாதிபதி பதவி. நடுவில் நாட்டின் பொருளாதாரமே விழுந்திருந்தது என்பதையும் சேர்த்துத்தான் இதைச் சொல்ல வேண்டும்.

2029-ல் என்ன பார்க்கலாம்?

2024-தான் தன் கடைசி மக்களவைத் தேர்தலாக இருக்கலாம் என்று தரூர் முன்பே சொல்லியிருந்தார். அவர் நிற்கவில்லை என்றால் முதல் சிக்கல் காங்கிரஸுக்குத்தான். நான்கு முறை ஜெயித்த கட்சிக்கு இங்கே படிக்க ஒரு தோல்விகூட இல்லை; தெற்கின் வாக்கு கட்சிக்கா தரூருக்கா என்று சோதித்துப் பார்க்கும் அவசியமே வரவில்லை.

சிபிஐ-யின் பட்டியலில் மறுபடி ஒரு முன்னாள் மாநிலத் தலைவர் பெயர் வந்தால், 2014-க்கு இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பாறசாலை, வெள்ளறடைப் பக்கமிருந்து கட்சிக்குள்ளேயே வளர்ந்த ஒரு பெயர் வந்தால், பென்னட் ஆபிரகாமை எதற்காகக் கொண்டுவந்தார்கள் என்பது யாருக்கோ நினைவிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பாஜக விஷயத்தில் வேட்பாளர் பெயரைவிட, தேர்தலுக்கு இரண்டு வருஷம் முன்னால் செங்கல், காரோடு பஞ்சாயத்துகளில் அவர்கள் யாரை வேலைக்கு விட்டிருக்கிறார்கள் என்பதைப் பார்ப்பது உபயோகமாக இருக்கும்.